சாமியாத்தாளின் கிருமி

சாமியாத்தாளின் வலது காலில் இருந்த புண் ஐந்து மாதமாக மூடவே இல்லை.

சித்திரையில் உக்கடத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டு, கணவன் தனபாலின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தாள். குளத்தோரச் சாலையில் மணல் சறுக்கி வண்டி சாய்ந்தது. தனபால் முழங்கை உரிந்ததோடு எழுந்துவிட்டான். சாலைப் பக்கம் விழுந்த அவள் காலின் மேல், பின்னால் வந்த டவுன் பஸ்ஸின் சக்கரம் ஏறி நின்றது. அது 1995ஆம் வருடம். அன்றைக்குக் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்கள், ஆடி போய் ஆவணி போய் புரட்டாசி பிறந்த பிறகும் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. முறிந்த எலும்பைத் தகடு வைத்து இணைத்தார்கள். ஆனால் உள்ளே கிருமி புகுந்துவிட்டது. ஊசியை மாற்றினால் புண் காய்கிற மாதிரி தெரியும். கட்டு வெள்ளையாக இருக்கும். பிறகு ஒரு காலையில் மறுபடியும் மஞ்சளாகக் கசிந்திருக்கும்.

காரமடைக்கு அந்தப் பக்கம், கறிவேப்பிலைக் காட்டுக்கு நடுவில் அவர்கள் வீடு. விபத்து நடந்தபோது மகள் அக்‌ஷயாவுக்கு ஒன்றரை வயது. பால்குடி மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் சில வாரங்கள், குழந்தை இல்லாமலே சாமியாத்தாளுக்குப் பால் சுரந்தது. ரவிக்கை நனைந்து கிடக்கும். வார்டு நர்ஸ் அம்புஜம் மடித்த துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரையை இழுத்துவிடுவாள். பிறகு அதுவும் நின்றுபோனது. கால் வலியைவிட அந்த வற்றிப்போன நாள்தான் அவளுக்குப் பெரிதாக வலித்தது.

குழந்தையைத் தங்கை பாவாத்தாள் வந்து பார்த்துக்கொண்டாள். ஒருமுறை வார்டுக்குத் தூக்கி வந்தார்கள். காலைத் தூக்கிக் கட்டி, மூக்கருகே குழாய் தொங்க, முகம் ஒடுங்கிக் கிடந்தவளைப் பார்த்துக் குழந்தை வீறிட்டது. பாவாத்தாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு திரும்பவே மாட்டேன் என்றது.

"பாப்பாவ இனிமே இங்க கூட்டியாராதீங்க" என்று சாமியாத்தாளே சொன்னாள். "இந்த நாத்தத்துல அவளுக்கு என்னத்துக்கு."

சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தனபால் வரும்போது அவனைத் துருவுவாள். என்ன சாப்பிட்டாள், கடைவாய்ப் பல் வந்துவிட்டதா, தூக்கத்தில் இன்னும் காதைப் பிடித்துக்கொள்கிறாளா. தனபாலுக்கு அப்படியெல்லாம் சொல்லத் தெரியாது. "நல்லாருக்கறா" என்பான். அவன் சட்டையில் கறிவேப்பிலை வாசம் வரும். அதை மட்டும் முகர்ந்துகொண்டு அவள் படுத்திருப்பாள். ஒரு ஞாயிறு, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, அவன் சொன்னான்.

"நீ வெசனப்படாத அம்மணி. பாப்பா ஏங்கறதே இல்ல. பாவாத்தாளையே அம்மான்னு கூப்புட்டுப் பழகிக்கிச்சு."

அன்று முழுவதும் சாமியாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பியே கிடந்தாள்.

அந்தப் புரட்டாசியில்தான் திருமூர்த்தி வந்தான். ஒரு கல்லூரியில் மைக்ரோபயாலஜி ஆராய்ச்சி மாணவன். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயதிருக்கும். ஆறாத புண்களிலிருந்து சீழ் எடுத்துப்போக எலும்பு டாக்டர் வெங்கடபதியிடம் அனுமதி வாங்கியிருந்தான். கட்டுப் பிரிக்கிற நேரத்துக்கு வந்து, நீளமான குச்சியில் சுற்றிய பஞ்சைப் புண்ணில் மெல்ல உருட்டி, கண்ணாடிக் குழாய்க்குள் போட்டு மூடினான்.

"வலிக்குதுங்களா அக்கா?"

"வலி பழகிப்போச்சுங்க தம்பி. இத எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவீங்க?"

வார்டுக்கு வந்துபோகும் மற்ற மாணவர்கள் யாரும் அவளுக்குப் பதில் சொன்னதில்லை. இவன் குழாயைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கட்டிலருகே நின்று சொன்னான். மழைக்காலத்தில் மலையடிவாரமெல்லாம் சுற்றிக் காட்டுக் காளான்களைப் பொறுக்குவானாம். காயவைத்து, பொடித்து, சாராயத்தில் ஊறவைத்துச் சாறு இறக்குவானாம். அந்தச் சாற்றை ஆஸ்பத்திரிக் கிருமிகள் மேல் வைத்து, எது எதைக் கொல்கிறது என்று பார்ப்பானாம்.

"காளானா?"

"ஆமாங்க. ஈர மண்ணுலயும் பட்ட மரத்துலயும் வளருது. அங்க சுத்தியும் கிருமிதானுங்களே. அதுக்கு மத்தில அது உசுரோட நிக்கோணும்னா, தன்னக் காப்பாத்திக்க எதையாச்சும் உள்ள வெச்சிருக்கோணுமில்லீங்களா? அந்த எதையோதான் தேடறனுங்க."

"எங்க காட்டுலயும் மழ பேஞ்சா புத்து மேல மொளைக்கும். பறிச்சுக் கொழம்பு வெப்போமுங்க."

"உங்க ஊருங்க?"

"காரமடைங்க."

"அட, அங்கதானுங்க நான் வாரவாரம் சுத்தறது! அந்தப் புத்துக் காளானையும் பாத்தனுங்க. ஒரு கிருமியும் சாகல. அது கொழம்புக்குத்தான் ஆகும்."

ஐந்து மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். தன் ஊர் வேலியோரத்தில் நடந்த கால்கள் என்று அவன் செருப்பைக் கூட ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அவன் போன பிறகு, அவளுடைய வீட்டைத் தாண்டித்தான் போயிருப்பானோ, வாசலில் ஒரு குழந்தை விளையாடியதைப் பார்த்திருப்பானோ, கேட்டிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு நாள் மத்தியானம் அவன் ஈரச் சட்டையோடு வார்டுக்குள் ஓடிவராத குறையாக வந்தான்.

"அக்கா, உங்க கிருமி செத்துப்போச்சுங்க!"

அவளுக்கு முதலில் புரியவில்லை. போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள்.

"இங்க இல்லீங்க, எங்க லேப்ல. உங்க கிருமி ரொம்பக் கெட்டிங்க. டாக்டர் போடற ஊசி மருந்து ஒண்ணுக்கும் மசியல. நானும் இருவது வகைக் காளானுக்கு மேல போட்டுப் பாத்தேன், சும்மா மேல ஏறி வளந்துட்டே இருந்துச்சு. போன வாரம் வெள்ளியங்காட்டுக்கு மேல, ஒரு பட்டுப்போன வாகை மரத்துல, குங்கும நெறத்துல விசிறியாட்டம் ஒண்ணு ஒட்டிட்டு இருந்துச்சு. அதோட சாறு பட்ட எடத்துல ஒண்ணு கூட மிஞ்சலீங்க."

"அந்தச் செவப்புக் காளானா? அத யாரும் திங்க மாட்டாங்களே. கட்டையாட்டம் இருக்கும்."

"அதேதானுங்க."

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "நான் பாக்கோணும்" என்றாள்.

கொண்டுவரக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு நாள் கழித்து, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டிய ஒரு கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்தான். உள்ளங்கை அகலம் இருக்கும். திறக்க முடியாது என்று சொல்லி அவள் கையில் கொடுத்தான். தட்டு முழுக்கப் பொன் நிறத்தில் ஒரு படலம் பரவியிருந்தது. நடுவில் பொட்டளவு காகிதம். அதைச் சுற்றி எட்டணாக் காசு அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் மழைத் தண்ணீர் மாதிரி தெளிந்திருந்தது.

"இந்த மஞ்ச பூராவும்…?"

"உங்க புண்ணுல இருந்து வந்ததுங்க."

அவள் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அருவருப்பு வரவில்லை. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

"இதுதானுங்களா என்ற புள்ளகிட்டப் போகவிடாம என்னப் புடிச்சு வெச்சிருக்குது" என்றாள்.

அவன் தட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான். அதற்குள் நர்ஸ் அம்புஜம் பார்த்துவிட்டாள். "அறிவிருக்குதா உனக்கு? பேஷண்ட் கையில கொண்டாந்து கிருமியக் குடுக்கற! ஒடைஞ்சா என்ன ஆகறது?" என்று பிடுங்காத குறையாகத் தட்டை வாங்கி அவன் கையில் திணித்தாள். திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு டப்பாவை மூடினான். அவன் கிளம்பும் முன் சாமியாத்தாள் கேட்டாள்.

"அப்ப, எப்பத் தம்பி அத எனக்குப் போடுவீங்க?"

அந்தக் கேள்வி வரும் என்று அவன் யோசித்திருக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அக்கா, இது மருந்து இல்லீங்களே. வெறும் சாறு. இதுல எது கிருமியக் கொல்லுதுன்னே இன்னும் தெரியாது. அதப் பிரிச்செடுக்கோணும். எலிக்குக் குடுத்துப் பாக்கோணும். முயலுக்குப் போட்டுப் பாக்கோணும். அப்பறந்தான் மனுசங்களுக்கு."

"எத்தன நாளாகும்?"

"பத்து வருசங்கூட ஆகுமுங்க. ஆகாமயே போனாலும் போகும்."

பத்து வருடத்தில் அக்‌ஷயா பாவாடை தாவணி கட்டுகிற வயதுக்கு வந்திருப்பாள் என்று சாமியாத்தாள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் டாக்டர் வெங்கடபதி கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசினால் விஷயம் பெரியது என்று வார்டில் எல்லாருக்கும் தெரியும்.

"அம்மணி, ஒளிக்காமச் சொல்றேன். உள்ள எலும்பே அழுக ஆரம்பிச்சிருக்குது. ரெண்டு வழி இருக்குது. ஒண்ணு, செத்த எலும்பக் கொஞ்சங் கொஞ்சமா எடுத்து, வேற எலும்பு வெச்சு, திரும்பத் திரும்ப ஆபரேசன் பண்ணலாம். ஒரு வருசம், ஒண்ணரை வருசம் நீ இங்கயே இருக்கோணும். அப்பவும் கால் நிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இன்னொண்ணு, முழங்காலுக்குக் கீழ எடுத்துர்றது. எடுத்துட்டா சீக்கிரம் ஊட்டுக்குப் போயிரலாம். உங்கூட்டுக்காரரோட பேசிச் சொல்லு. அவசரமில்ல."

தனபாலிடம் பேச வேண்டியதே இருக்கவில்லை. "காலை எடுக்கறதா? நான் உசுரோட இருக்கற வரைக்கும் ஆகாது" என்றுவிட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டான். வண்டியை ஓட்டியவன் அவன். அந்தக் காலை இழந்தால் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு வாழவேண்டியவனும் அவன்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அவனைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

தீபாவளி அன்று காலை, தனபால் பலகாரப் பொட்டலத்தோடு மாடிக்கு வந்து, "ஜன்னல் வழியாக் கீழ பாரு" என்றான். அம்புஜம் தோளைக் கொடுத்து அவளை ஜன்னல் வரைக்கும் நிமிர்த்திப் பிடித்தாள். கீழே வேப்பமரத்தடியில் பாவாத்தாள் நின்றிருந்தாள். இடுப்பில் அக்‌ஷயா. பச்சை கவுன், இரட்டைப் பின்னலில் கனகாம்பரம். பின்னல் போடுகிற அளவுக்கு முடி வளர்ந்துவிட்டது. கால்கள் பாவாத்தாளின் முழங்கால் வரைக்கும் தொங்கின.

பாவாத்தாள் மேலே கையைக் காட்டினாள். அவள் சொன்னது மாடி வரைக்கும் கேட்டது. "அங்க பாரு கண்ணு, அம்மா! அம்மா பாரு!"

குழந்தை மேலே பார்க்கவில்லை. அம்மா என்ற சொல் காதில் விழுந்ததும் பாவாத்தாளின் முகத்தைப் பார்த்தது. பார்த்துச் சிரித்து, அவள் கன்னத்தில் கையை வைத்தது.

சாமியாத்தாள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அவர்கள் கேட்டைத் தாண்டிப் போய், பச்சை கவுன் மறைந்த பிறகும் நின்றாள். அம்புஜம்தான் இடுப்பைப் பிடித்துப் படுக்கவைத்தாள்.

அடுத்த முறை திருமூர்த்தி வந்தபோது அவள் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, ரெண்டு சொட்டுக் கொண்டாந்து குடுங்க. நீங்க போட வேண்டாம். நானே கட்ட அவுத்துப் போட்டுக்கறேன். யாருகிட்டயும் உங்க பேரச் சொல்ல மாட்டேன்."

"அக்கா…"

"அது என்ற கிருமிதானே. அதுல செத்தது என்ற கால்லயுஞ் சாகாதா?"

"தட்டுல ரத்தம் இல்லீங்க. சதை இல்லீங்க, நரம்பு இல்லீங்க. அங்க கிருமி மட்டுந்தான் இருந்துச்சு. கிருமியக் கொல்றது உங்களயும் கொன்னுபோட்டுதுன்னா?"

"காலெடுக்கலாம்கறாரு டாக்டரு. போற கால்தானே தம்பி. ரெண்டு சொட்டு போட்டுப் பாத்தா என்ன கொறஞ்சு போகுது?"

திருமூர்த்தி குனிந்து பெட்டியை மூடினான். பஞ்சுக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, எடுக்க வந்ததை எடுக்காமலே போய்விட்டான்.

அதன் பிறகு வரவில்லை. கார்த்திகை பிறந்தது. வார்டுக் கதவு ஆடுகிறபோதெல்லாம் சாமியாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். சில சமயம் குழந்தைக்காக ஏங்குகிறாளா அந்தச் செவப்புக் காளானின் சாற்றுக்காக ஏங்குகிறாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெள்ளியங்காட்டு மலையில் அந்த மரம் நிற்கிறது. மழையில் அந்தக் காளான் இன்னும் கொஞ்சம் விரிந்திருக்கும். காரமடையிலிருந்து போனால் அரைநாள்தான். தனபாலை அனுப்பிப் பறித்துவரச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். கேட்க வாய் வரைக்கும் வந்தது. மொபெட்டை விற்றுவிட்டு, காட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடந்தே திரியும் அவன் முகத்தைப் பார்த்ததும் இன்னொரு சுமையை அதன் மேல் வைக்க மனம் வரவில்லை.

ஒரு நாள் திருமூர்த்தி வந்தான். மழை விட்டு வெயில் காய்ந்த நாள். வார்டில் மின்விசிறி ஓடாமல் எல்லாரும் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் முழுக்கைச் சட்டையில், மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டு நின்றான். எப்போதும் அரைக்கைச் சட்டைதான் போடுவான். இடது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தான்.

"அக்கா, அந்தச் சாறு வேண்டாமுங்க. அது ஆகாது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"ஏன்? உங்க புரபசர் வேண்டாம்னாருங்களா?"

"இல்லீங்க. ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு."

"எப்பிடித் தெரிஞ்சுது? முயலுக்குப் போட்டீங்களா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். அவள் அவன் கையைப் பார்த்தாள்.

"தம்பி, அந்தக் கையக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லீங்க…"

"காட்டுங்க."

அவன் தயங்கித் தயங்கிப் பொத்தானைக் கழற்றி மடித்துவிட்டான். முழங்கைக்குக் கீழே கட்டு. கட்டின் ஓரத்தில் தெரிந்த தோல் கருநீலமாக வீங்கிப் பளபளத்தது. ஏழு மாதமாகப் புண்ணோடு வாழ்ந்தவளுக்கு அதற்கு மேல் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"ஊசில சும்மா ஒரு கீறல் போட்டு, அது மேல வெச்சுப் பாத்தேனுங்க" என்றான், தப்புச் செய்த பையனைப் போல. "முத நாளு செவந்துச்சு, அவ்வளவுதான். ரெண்டாம் நாளு கொப்புளிச்சுது. அப்பறம் தோலு கருகி உரிஞ்சுருச்சு. கிருமி சாகுதுங்க. கூடவே சதையும் சாகுது. எங்க புரபசர் பாத்துட்டு லேப்பை உட்டே தொரத்தறேன்னாரு. அவரு சொல்றதும் நாயந்தான். நான் பண்ணது கிறுக்குத்தனம்."

"எனக்காகவா பண்ணுனீங்க?"

"நீங்க கேட்ட அன்னிக்கு ஒரு சீசா என்ற பாக்கெட்டுலதானுங்க இருந்துச்சு. குடுத்துரலாம்னு தோணுச்சு. போற கால்தானேன்னு நீங்க சொன்னது காதுலயே இருந்துச்சு. குடுக்கறதுக்கு முன்னால எனக்குப் போட்டுப் பாத்துரலாம்னு…"

சாமியாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவன் அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவன் இல்லை, புண்ணிலிருந்து சீழ் எடுக்க வந்தவன். அவள் கையை நீட்டி, கட்டுக்கு மேலே நல்ல தோல் இருந்த இடத்தில் மெல்லத் தொட்டாள்.

"இந்தக் கைக்கு வேளா வேளைக்குக் கட்டு மாத்துங்க சாமி. ஈரம் படாமப் பாத்துக்கங்க. என்றதாட்டம் ஆக்கிப்போடாதீங்க."

அவன் போன பிறகு அவள் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். அழவில்லை. இத்தனை நாள் மனதில் எரிந்துகொண்டிருந்த அந்தக் குங்கும நிறம் மெல்ல அணைந்தது. அணைந்த பிறகு மிச்சமிருந்தது பச்சை கவுன் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை தனபால் வந்ததும் சொன்னாள்.

"ஏனுங்க, டாக்டருகிட்டச் சொல்லிப்போட்டேன். கால எடுத்துரச் சொல்லிட்டேன்."

அவன் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "யாரக் கேட்டுச் சொன்ன?"

"யாரையும் கேக்கல."

"ஒரு வருசந்தானே அம்மணி. ஆபரேசன் பண்ணிப் பாக்கலாம். நான் எப்பிடியாச்சும் பாத்துக்கறேன். ரெண்டு காலோட உன்னக் கூட்டிட்டுப் போகோணும். இல்லீன்னா நான்…"

"வண்டி சறுக்குனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? எனக்குக் கால் வேண்டாமுங்க. ஒரு வருசம் கழிச்சு ரெண்டு காலோட வந்தா, அந்த ஊட்டுல நான் யாரு? இப்பவே அவளுக்கு என்னத் தெரியல. என்னக் கொண்டுபோய் அவகிட்ட உட்டுருங்க."

தனபால் அவள் காலடியில், கட்டுப் போட்ட அந்தக் காலருகே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அவள் அவன் தலைமுடியைக் கோதியபடி இருந்தாள். கறிவேப்பிலை வாசம் வந்தது.

காலை எடுத்தார்கள். தைப் பொங்கலுக்குப் பிறகு, கக்கத்தில் இரண்டு கட்டைகளோடு சாமியாத்தாள் வீடு வந்து சேர்ந்தாள்.

வாசலில் அக்‌ஷயா பாவாத்தாளின் புடவைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். கட்டைகளைப் பார்த்தாள். காலில்லாத இடத்தைப் பார்த்தாள். அழவில்லை. ஆனால் கிட்டே வரவும் இல்லை. பாவாத்தாள் கெட்டிக்காரி. அன்றிலிருந்து தன்னை "சித்தி" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். குழந்தை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதுவே ஒரு வழி கண்டுபிடித்தது. பாவாத்தாள் "அம்மா". சாமியாத்தாள் "கோயமுத்தூர் அம்மா".

"கோயமுத்தூர் அம்மாவுக்குச் சோறு குடுத்துட்டு வா" என்று பாவாத்தாள் வேண்டுமென்றே தட்டைக் கொடுத்தனுப்புவாள். குழந்தை இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து வந்து, எட்ட நின்று தரையில் வைத்துவிட்டு ஓடிவிடும். ஆஸ்பத்திரியில் இருபது மைலுக்கு அப்பால் இருந்த ஏக்கத்தைவிட, ஒரே கூரையின் கீழ் பத்தடிக்கு அப்பால் இருந்த ஏக்கம் தாங்க முடியாததாக இருந்தது. இரவில் அடுத்த பாயில் பாவாத்தாளின் காதைப் பிடித்துக்கொண்டு குழந்தை தூங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். தங்கை மேல் பொறாமை வரும். அதற்காக வெட்கமும் வரும். தன் கல்யாணப் பேச்சை ஒருமுறை தள்ளிவைத்துவிட்டு வந்து கிடப்பவள் அவள்.

மெல்ல மெல்லக் குழந்தை தலைவாரிக்கொள்ள வந்தது. கட்டைகளில் ஒன்றை எடுத்துக் குதிரை ஓட்டியது. "இங்கிருந்த காலு எங்க போச்சு?" என்று ஒருநாள் கேட்டது. "கிருமி தின்னுபோட்டுது கண்ணு" என்றாள். "கிருமிக்கு வயிறு ரொம்பிருச்சா?" என்று கேட்டதும் சாமியாத்தாளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் விழுந்தாலும் பசித்தாலும் குழந்தை ஓடியது பாவாத்தாளிடம்தான்.

ஆவணியில் பாவாத்தாளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குச் சரவணம்பட்டியில் ஒரு மில்லில் வேலை. மறுவீடு முடிந்து கிளம்புகிற அன்று, குழந்தை தூங்குகிற நேரம் பார்த்துத்தான் பாவாத்தாள் படி இறங்கினாள். அக்காவின் தோளில் சாய்ந்து, "நான் அவள எடுத்துக்கோணும்னு நெனச்சதே இல்லக்கா" என்று அழுதாள். "நீ இல்லீன்னா அவ இல்ல சாமி" என்று சாமியாத்தாளும் அழுதாள்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், தோளில் பையும் கையில் குடையுமாகத் திருமூர்த்தி வாசலில் வந்து நின்றான். வெள்ளியங்காட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழி. அரைக்கைச் சட்டை. இடது கையில் ரூபாய்க் காசு அகலத்துக்கு வழவழவென்று ஒரு தழும்பு. அவளுடைய காலில்லாத இடத்தின் மேல் அவன் பார்வை விழுந்து விலகியது.

"உக்காருங்க தம்பி. காப்பி வெக்கறேன்" என்றவள், அவன் வேண்டாம் என்பதற்குள் கட்டைகளை ஊன்றி எழுந்துவிட்டாள்.

அவன் ஆராய்ச்சியை விடவில்லையாம். அந்தச் சாற்றைப் பல பங்காகப் பிரித்திருக்கிறானாம். சதையைக் கருக்குகிற பங்கு ஒன்று தனியாக வந்துவிட்ட மாதிரி தெரிகிறதாம். மிச்சத்தில் ஒரு பங்கு இன்னும் கிருமியைக் கொல்கிறதாம், முன்னளவுக்கு இல்லை, கொஞ்சமாக.

"எந்தக் கிருமிய?" என்று கேட்டாள்.

அவன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். "உங்களுதத்தானுங்க அக்கா. அது இன்னும் எங்க லேப்ல ஃபிரிட்ஜுக்குள்ள இருக்குது. மாசத்துக்கொரு தடவ புதுத் தட்டுக்கு மாத்தி வளக்கறோம். அதவிடக் கெட்டியான கிருமி எங்ககிட்ட வேற இல்லீங்க."

கால் போய்விட்டது. காலைத் தின்றது உயிரோடு இருக்கிறது, யாரோ வேளாவேளைக்குச் சோறு வைக்கிறார்கள்.

"அதச் சாகவுட்டுறாதீங்க தம்பி" என்றாள். "என்னாட்டம் எவளாச்சும் ஒருத்தி புள்ளய உட்டுட்டு அங்க வந்து படுத்துக் கெடப்பா. அவளுக்காச்சும் ஆகட்டும்."

"நான் பாக்கற காலத்துல ஆகுமான்னு தெரியிலீங்க."

"ஆகாட்டிப் போகுது. நீங்க தேடறது நிக்கக் கூடாது."

அவன் குடையை விரித்துக்கொண்டு கறிவேப்பிலை வரப்பில் இறங்கிப் போனான். வளைவு திரும்புகிற வரைக்கும் அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். கீழே படியில் அக்‌ஷயா உட்கார்ந்திருந்தாள். அவளும் அந்த வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நிற்கிற திசை அது. பாவாத்தாள் போன நாளிலிருந்து தினமும் குழந்தை அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

"அம்மா எப்ப வரும்?" என்றது குழந்தை, வழியை விட்டுக் கண்ணை எடுக்காமல். குரல் உடைந்தது.

நான்தான் கண்ணு அம்மா என்று சொல்லச் சாமியாத்தாளின் நாக்கு துடித்தது. சொல்லவில்லை. வராத ஒருவரை நினைத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்படிக் கிடப்பவளிடம் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நிலையைப் பிடித்து மெல்ல இறங்கி, படியில் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தெரியிலியே கண்ணு. எனக்குந்தான் அவளப் பாக்கோணும்னு இருக்குது. ரெண்டு பேரும் பாத்துட்டு இருக்கலாம், வா."

குழந்தை அவளை நிமிர்ந்து பார்த்தது. பிறகு விம்மிக்கொண்டே மடியில் ஏறியது. அழுது அழுது அசந்து, கை தானாக நீண்டு அவள் காதைப் பிடித்துக்கொண்டது. சாமியாத்தாள் அசையவில்லை. மழை வலுத்துப் படி வரைக்கும் சாரல் வந்தது. மடி முடிகிற இடத்துக்கு அப்பால், காற்றில் குழந்தையின் இரண்டு கால்களும் நீண்டு தொங்கின. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு காட்டிலிருந்து ஓடிவந்த தனபால் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி, சத்தம் போடாதே என்றாள்.